போருக்குப் போன ஒரு இணைப்புச் சொல்

ஆங்கிலத்தில் 'லெஸ்ட்'னு ஒரு பழைய இணைப்புச் சொல் உண்டு. 'இப்படி ஆகிவிடக் கூடாதே என்று' என்பது பொருள். பேச்சில் இப்போ அபூர்வம். தமிழில் தனிச் சொல்லே கிடையாது. எதிர்மறையை வினைக்குள் வைத்து 'மறவாதபடிக்கு' என்போம். பைபிள் தமிழில் நிறைய வரும்.

இந்தச் சொல்லுக்கு மறுவாழ்வு கொடுத்தவர் கிப்ளிங். லாகூரிலும் அலகாபாத்திலும் பத்திரிகை வேலை பார்த்தவர். விக்டோரியா ராணியின் வைர விழாவையொட்டி அவர் எழுதிய கவிதை 1897 ஜூலை 17 அன்று லண்டன் 'டைம்ஸ்' இதழில் வந்தது. முதல் பாதி, எங்களோடு இரு என்று கடவுளிடம் வேண்டுதல். இரண்டாம் பாதி, பெருமையில் உன்னை மறந்துவிடாதபடிக்கு. செத்த சிப்பாய்களைப் பற்றிய பேச்சே இல்லை.

1914-18 போரில் பத்திரிகைகள் அந்த இரண்டாம் பாதியை மட்டும் பிய்த்துத் தலைப்பாகப் போட்டன. பிறகு நினைவுத் தூண்களிலும் செதுக்கினார்கள். இணைப்புச் சொல் இருக்கு, இணைக்க வேண்டிய வாக்கியம் இல்லை! கடவுள் இருந்த இடத்தில் இறந்தவர்கள் வந்துவிட்டார்கள். 1915-ல் லூஸ் போர்க்களத்தில் கிப்ளிங்கின் மகன் ஜானும் இறந்தான். 'மறக்காதே' என்பது கட்டளை. 'லெஸ்ட்'டில் இருப்பது பயம்: மனுஷன் எப்படியும் மறந்துடுவான் என்ற பயம்.

நம்ம பக்கம்? வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் பாருங்க. 277 பேர் போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பெயர் ஒன்றுகூட இல்லை. அதில் 'மறவாதபடிக்கு'ன்னு சேர்த்து எழுதியிருந்தாலும், யாரை?