கைதியின் கடிதமும் கிருஷ்ணய்யரின் தீர்ப்பும்

சட்டமியற்றும் சபையில் கட்சி கட்டி வாதாடிய ஒருவர், பின்னாளில் அச்சட்டத்துக்கு வியாக்கியானம் கூறும் நியாயாசனத்தில் அமர்வது தகுமா என்னும் ஆட்சேபம், வி. ஆர். கிருஷ்ணய்யர் 1973ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு நியமனம் பெற்றபோது, பம்பாய் வழக்கறிஞர் சிலரால் உரக்கவே எழுப்பப்பட்டது. ஆட்சேபித்தவர்கள் குறையென்று கண்ட அவ்வநுபவமே அவருடைய தீர்ப்புகளுக்கு மூலதனமாயிற்று.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னையிலும் கற்று, தலச்சேரியில் வக்கீல் தொழில் நடத்திய இவர், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி புரிந்தாரென்று குற்றஞ்சாட்டப்பெற்று 1948இல் ஏறக்குறைய ஒரு மாதம் சிறைவாசம் அநுபவித்தார். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்குத் தெரிவானார். 1957இல் தலச்சேரியில் வென்று, இ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அமைத்த கேரள மந்திரிசபையில் சட்டம், உள்துறை முதலியவற்றோடு, தாம் ஒருகால் அடைபட்டிருந்த சிறைகளின் நிர்வாகத்தையும் ஏற்றார். அம்மந்திரிசபை 1959இல் கலைக்கப்பட, மீண்டும் வக்கீலாகி, 1968இல் கேரள உயர் நீதிமன்ற நியாயாதிபதியானார்.

உச்ச நீதிமன்ற நியாயாதிபதியாக, 1975 ஜூன் 24ஆம் தேதி, தேர்தல் வழக்கில் தோற்று முழுத் தடையுத்தரவு கோரி வந்த பிரதமர் இந்திரா காந்திக்கு, பதவியில் நீடிக்கலாம், ஆனால் மக்களவையில் வாக்களிக்கலாகாது என்று நிபந்தனை விதித்தே தடை வழங்கினார். மறுநாள் அவசரநிலை பிரகடனமாயிற்று.

எனினும் அவர் பெயரை நிலைநிறுத்துவது தில்லி திகார்ச் சிறையிலிருந்து வந்த ஒரு கடிதமே. மரண தண்டனைக் கைதியான சுனில் பத்ரா, பணம் பறிக்கும் பொருட்டுச் சக கைதியொருவரைக் காவலாளி சித்திரவதை செய்ததை எழுதியனுப்ப, நீதிமன்றம் அதனையே ஆட்கொணர்வு மனுவாகக் கொண்டு, வழக்கறிஞர்களைச் சிறைக்கனுப்பி விசாரித்தது. 1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு, கைதிகள் தம் குறைகளை எழுதியிடச் சிறைதோறும் முறைப்பாட்டுப் பெட்டி வைக்கவேண்டுமென்று கூடக் கட்டளையிட்டது. கம்பிக்குள் இருந்தறிந்தவருக்கன்றி வேறெவருக்கு இச்சிறு ஏற்பாட்டின் அருமை எளிதில் புலப்படும்?

இது இந்தியாவில் ஒரு கடிதம் சாதித்தது; இங்கே மடுல்கெல்ல மலைத் தோட்டங்களில், துரைக்கும் தொழில் திணைக்களத்துக்கும் பெட்டிசம் எழுதிப் பழகிய நம்மவர் ஒன்றை நெஞ்சிற் பதிக்க வேண்டும்: இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 126ஆம் உறுப்புரையின்படி, அரச நிர்வாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவருக்கு, நாட்டின் தலைமை நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றத்தை நேரே நாடும் உரிமையை அளித்திருக்கிறது. அதற்குரிய தவணை ஒரு மாதமே; அதனைத் தவறவிடாதீர்கள்.