பைக்குள் ஒரு மணி மண்டபம்

சந்திரகிரிக் கோட்டையிலிருந்து ஆட்சி செலுத்திய விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயர், திருமலையிலே பெருமாளுக்கு நைவேத்தியம் ஆகாமல் தாம் அன்னம் தொடுவதில்லை என்று விரதம் பூண்டிருந்தாரென்றும், அந்த வேளையை அறியும்பொருட்டு மலைமேலிருந்து கோட்டை வரையில் ஒன்றன் ஓசை மற்றொன்றுக்கு எட்டும் தூரத்தில் மணி மண்டபங்களை வரிசையாகக் கட்டுவித்தாரென்றும் சித்தூர்ச் சீமையிலே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இதே கதையைத் திருச்செந்தூருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே வைத்துக் கட்டபொம்மன் பேரால் தெற்கத்தியாரும் சொல்லுகின்றபடியால், இதில் சரித்திரம் எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று நிறுத்துக் காட்ட நான் முற்படவில்லை. என் மனத்தைக் கவர்வது அந்த ஏற்பாடுதான். கோயில் மணியின் நாதம் நேராகக் கோட்டைக்கு எட்டாது. இடையிலே ஒருவன் செவி சாய்த்திருந்து, தூரத்து ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் தன் மணியை அடித்து, அருகிலிருப்பவர்களுக்கு அதைக் கேட்கும்படி செய்தாக வேண்டும். ஹாட்ஸ்பாட் என்று இன்று நாம் வழங்கும், உள்ளங்கையில் அடங்குகிற சிறு பெட்டி செய்யும் வேலையும் இதுவே. ஒரு மாறுதல் உண்டு, மண்டபம் இருந்த இடத்திலேயே இருந்தது, இந்தப் பெட்டியோ பிரயாணியின் பைக்குள் ஏறிக்கொண்டு அவன் போகுமிடமெல்லாம் போகிறது.

இந்த இடப்பெயர்ச்சி எளிதில் நேர்ந்துவிடவில்லை. செல்பேசி பரவுவதற்கு முந்திய காலத்தில் திருப்பதிக்கு வந்த யாத்திரிகர், தரிசனம் நல்லபடியாக ஆயிற்று என்ற சமாசாரத்தை வீட்டுக்குத் தெரிவிக்க, மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்தைத் தேடிப் போய், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, சிவப்பு எழுத்திலே ஓடுகிற தொகையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பேசி முடிப்பார்கள். இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும் என்பதால், மொட்டை அடித்த தலையோடு குடும்பம் குடும்பமாகக் காத்து நிற்பதும் உண்டு. செய்தியின் இடைநிலையம் ஒரு கடையாக இருந்த காலம் அது. மனிதன் அதனிடம் போனான்.

அன்றைய சட்டமும் அதற்கு இசைந்தே இருந்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்தி நடத்தும் உரிமையைச் சர்க்காருக்கே ஒதுக்கியது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமோ, வானலை வாங்கும் கருவியை அனுமதியின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்குக் கூட ஆண்டுதோறும் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் செலுத்தி வந்ததை இன்றும் முதியவர்கள் நினைவுகூர்வார்கள். ஹாட்ஸ்பாட்டோ வாங்கும் கருவி மாத்திரமன்று, அலை வீசும் கருவியுங்கூட. பழைய நோக்கில் பார்த்தால் அது ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். அதை எவரும் எந்த உத்தரவும் பெறாமல் பையிலே போட்டுக்கொண்டு திரியலாம் என்ற நிலை எப்படி வந்தது? 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச வானொலி மகாநாட்டில், 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையைத் தொழிற்சாலை, விஞ்ஞானம், வைத்தியம் ஆகிய காரியங்களுக்கென்று ஒதுக்கினார்கள். அடுப்பின் வெப்பத்துக்கும் வைத்தியக் கருவிகளுக்கும் விட்டுவைத்த அந்தப் புறம்போக்கிலே, 1985இல் அமெரிக்க அரசாங்கம் செய்தித் தொடர்புக்கும் லைசென்ஸ் இன்றி இடங்கொடுத்தது. 1997இல், ஹாட்ஸ்பாட் கையாளும் வைஃபைக்கு இலக்கணம் வகுக்கப்பட்டது. நம் நாட்டில் 2005 ஜனவரியில் வெளியான அறிவிக்கை, குறிப்பிட்ட சக்தி வரம்புக்கு உட்பட்டு, அந்த அலைவரிசையை எவரும் உபயோகிக்கலாம் என்று திறந்துவிட்டது. செல்பேசிக் கோபுரமும் வானமும் சம்பந்தப்பட்ட பெரிய வரலாறுகளைவிட, யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய இந்தத் துண்டு நிலத்தின் வரலாறே எனக்கு ரசமாகத் தோன்றுகிறது.

ஆக, பெட்டிக்குள்ளே இரண்டு வானொலிகள் குடியிருக்கின்றன. ஒன்று, கம்பெனிகள் ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து எடுத்த அலைவரிசையில், மைல் கணக்கான தூரத்திலுள்ள கோபுரத்தோடு பேசுகிறது. அதற்கு அடையாளச் சீட்டு சிம். மற்றொன்று, மேற்சொன்ன இலவச அலைவரிசையில், பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அலையைக் கொண்டு, அறைக்குள்ளிருக்கும் மடிக்கணினியோடும் செல்பேசிகளோடும் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்: வெளியுலகுக்கு ஒரே முகவரியைக் காட்டி, உள்ளே இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் தனித்தனி உள்முகவரி கொடுத்து, வந்த செய்திப் பொட்டலம் எவருடையது என்று குறித்து வைத்துச் சரியான ஆளிடம் சேர்ப்பிப்பது அவன் உத்தியோகம். 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையின் வளைவுகளிலே பஸ் இறங்கும்போது, "சிக்னல் ஃபுல்லா காட்டுது, நெட் மட்டும் வரல" என்று சிலர் முணுமுணுப்பதன் ரகசியம் இந்த இரட்டை வாழ்க்கைதான். செல்பேசி காட்டும் கோடுகள் பைக்கும் கைக்கும் இடையிலுள்ள இரண்டு முழ தூரத்தின் நலத்தையே சொல்லுகின்றன. பெட்டிக்கும் கோபுரத்துக்கும் இடையே பாறை வந்து மறித்த செய்தி அந்தக் கோடுகளுக்குத் தெரியாது.

மலைகள் அலையை மறிப்பது எல்லாருக்கும் தொல்லை என்று எண்ணிவிடலாகாது. திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே, பாகாலாவுக்கு அருகில், குன்றுகள் சூழ்ந்த காதங்கி என்ற கிராமத்தில், 1990களின் தொடக்கத்திலே நிறுவப்பட்ட எம்.எஸ்.டி. ராடார் இருக்கிறது. 1,024 யாகி ஆன்டெனாக்களைச் சதுரமாக நட்டு, 53 மெகாஹெர்ட்ஸில், உச்ச நிலையில் இரண்டரை மெகாவாட் சக்தியோடு வானத்தை நோக்கி அலை எறிந்து, மேற்காற்றின் போக்கிலிருந்து எதிரொலித்து வரும் அதிசூக்ஷ்மமான அலையைக் கேட்கிற நிலையம் அது. 2005 முதல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் என்று பெயர். அவ்வளவு மெல்லிய எதிரொலியைக் கேட்பவர்களுக்குச் சுற்றுப்புறத்து வானொலி இரைச்சல் குறைந்திருப்பது பெரும் பாக்கியம். அதன் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல். ஹாட்ஸ்பாட்டின் சக்தியோ சாதாரணமாக ஒரு வாட்டின் பத்தில் ஒரு பங்கு.

எடுத்துச் செல்லும் ஹாட்ஸ்பாட் தனிப் பெட்டியாகப் பிரசித்தி பெற்றது, 2009இல் அமெரிக்காவின் நோவாடெல் கம்பெனி மைஃபை என்ற பெயரில் அதை வெளியிட்டபோது. நம்மவர்கள் அக்காலத்தில் கணினியின் பக்கவாட்டில் செருகும் டேட்டா கார்டோடு திருப்தியடைந்திருந்தார்கள். அது ஒருவருக்கே பயன்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கி, ஜியோஃபை என்ற சிறு பெட்டியையும் மலிவாக விற்றபோதுதான், நாலாம் தலைமுறைச் செல்பேசி இல்லாத வீடுகளிலும் ஒரே சிம்மை நாலைந்து பேர் பங்கிட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

இந்தப் பிரதேசத்துக்கு மட்டும் உரிய ஒரு சங்கடமும் இருந்தது. 1911 ஏப்ரலில் உருவான சித்தூர் ஜில்லாவின் எல்லை 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தி எழுதப்பட்டது. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது, செங்கற்பட்டு ஜில்லாவின் வடபுறத்துக் கிராமங்கள் சில, சத்தியவேடு உட்பட, ஆந்திரத்துக்குப் போயின. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்குகிற அந்தச் சீமையில் மனிதர் போட்ட கோட்டின்மேலேயே டெலிபோன் வட்டங்களின் கோடும் விழுந்தது. நகரியிலோ பள்ளிப்பட்டிலோ வீட்டைவிட்டு நகராமலே கருவி ஆந்திரக் கோபுரத்துக்கும் தமிழகக் கோபுரத்துக்குமாகத் தாவும். தாவிய கணமே ரோமிங் கட்டணம். 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வந்த அழைப்புக்குக் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது. ஓரிரு ஆண்டுகளில் பிறரும் ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டார்கள். 2014இல் தெலங்கானா பிரிந்த பின்னும் டெலிபோன் லைசென்ஸ் கணக்கில் இரண்டு மாநிலங்களும் ஆந்திர வட்டமாகவே ஒன்றியிருப்பதைப் பார்த்தால், நிலத்தைப் பிரிக்கிற வேகம் அலையைப் பிரிப்பதில் எவருக்கும் இல்லை போலும்.

கை மாறிய அதே சத்தியவேட்டை ஒட்டி எழுந்த ஸ்ரீசிட்டித் தொழில் நகரில்தான், 2015 ஆகஸ்டில், ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாரான ஷாவ்மியின் முதல் இந்தியச் செல்பேசி வெளிவந்தது. 2010இல் ஆண்ட்ராய்டு செல்பேசிகளே ஹாட்ஸ்பாட்டாகவும் இயங்கும் வசதி பெற்றுவிட்டபடியால், அத்தகைய ஆலைகளிலிருந்து வண்டி வண்டியாகப் புறப்பட்ட கருவிகள் தனிப் பெட்டியின் வியாபாரத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டன. எனினும் செல்பேசி இரண்டு வானொலிகளையும் ஒருங்கே ஓட்ட வேண்டியிருப்பதால் சூடேறுகிறது. மலையிலே கோபுரம் தேடித் தேடிக் களைத்து, அடிவாரத்து அலிபிரிக்கு இறங்குமுன் பாட்டரி தீர்ந்தும் போகிறது. ஆகவே நாள் முழுதும் வெளியூரில் கணினியோடு திரிகிற விற்பனைப் பிரதிநிதிகள் சிலர் தனிப் பெட்டியை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்; மற்றவர்கள் பவர் பேங்க் வாங்கிக்கொள்கிறார்கள்.