பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், போடி மேற்கு மலையைச் சுமார் 2 கி.மீ. குடைந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு உணர்கருவியை நிறுவுவது இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் திட்டம். 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவு செய்த ஆய்வு மரபின் தொடர்ச்சி இது.

முதலில் தேர்வான நீலகிரியின் சிங்காரா, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் அனுமதி மறுக்கப்பட்டது. பொட்டிபுரத்துக்கு 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நியூட்ரினோக்களால் தீங்கில்லை என்று அறிவியலாளர்கள் விளக்கினர். அது சரியே, ஆனால் வெடிவைப்பு, நிலத்தடி நீர், மேய்ச்சல் குறித்த ஊர்மக்களின் கேள்விகளுக்கு அது விடையாகவில்லை. பூவுலகின் நண்பர்கள் தொடுத்த வழக்கில், மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா அருகிலிருப்பதால் தேசிய காட்டுயிர் வாரியத்தின் அனுமதி தேவை என்று 2018-இல் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது.