தூமோன் கரையில் ஒரு காலைப்பொழுது

மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அகாபுல்கோவிலிருந்து வெள்ளி ஏற்றி மேற்கே வரும் கப்பல்கள் தண்ணீர் பிடிக்க ஒதுங்கிய இடம் குவாம். சமோரோ மக்களின் தீவு அது. 1521-இல் மெகல்லன் அங்கே வந்தபோது, கப்பலின் சிறு படகு ஒன்று களவு போனதென்று கோபப்பட்டு வீடுகளுக்குத் தீ வைத்தார், சிலரைக் கொன்றார். போகும்போது அந்தத் தீவுக்கூட்டத்துக்கே 'திருடர் தீவுகள்' என்று பெயரும் சூட்டினார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஐரோப்பியர் வாயில் அந்தப் பெயரே புழங்கியது.

1662-இல் பிலிப்பைன்ஸுக்குப் போகும் வழியில் இந்த மக்களைக் கண்டவர் தியேகோ லூயிஸ் தே சான் வித்தோரெஸ் என்ற இயேசு சபைக் குரு. தங்கமோ மிளகோ இல்லாத தீவு. அதனால் ஸ்பெயினுக்கு அக்கறை இல்லை. இவருக்கோ அந்த மக்களின் நினைவு அகலவில்லை. மணிலாவில் ஆதரவு கிடைக்காததால் அரசவைக்கே எழுதினார். 1665-இல் அரசர் நான்காம் ஃபிலிப்பின் ஆணை வந்தது. 1668 ஜூனில் குவாமில் இறங்கிய குரு, ஆதரவளித்த அரசி மரியானாவின் பெயரையே தீவுகளுக்கு வைத்தார். உடன் வந்தவர்களில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த இளம் உபதேசியார்கள் சிலரும் இருந்தார்கள். பெத்ரோ கலுங்சோட் அவர்களில் ஒருவன். விசாயா தீவுகளில் பிறந்தவன். அப்போது 14 வயது இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

உபதேசியார் வேலை என்றால் பூசைக்கு உதவுவது, பிள்ளைகளைக் கூட்டிவைத்து மந்திரங்களையும் ஞான உபதேசத்தையும் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பது, குரு போகும் இடமெல்லாம் கூடவே போவது. 4 ஆண்டுகள் அவன் செய்தது இதைத்தான்.

தொடக்கத்தில் நல்ல வரவேற்பு. கிபுஹா என்ற தலைவர் ஹகாட்ன்யாவில் கோயில் கட்ட நிலமே கொடுத்தார். பிறகு நிலைமை மாறியது. மூதாதையரின் மண்டையோடுகளைச் சமோரோ மக்கள் வீட்டில் வைத்துப் போற்றுவார்கள். குருக்கள் அவற்றை அழித்தார்கள். தங்களோடு தாழ்ந்த குடியினருக்கும் திருமுழுக்கா என்று மேல்குடியினர் முகம் சுளித்தார்கள். இந்த நேரத்தில் வேறொரு பேச்சும் பரவியது. முன்பே கப்பல் உடைந்து அங்கே கரையேறியிருந்த சோக்கோ என்ற சீனர், திருமுழுக்குத் தண்ணீரில் நஞ்சு இருக்கிறது என்று சொல்லிவந்தார்.

இதை வெறும் பொய் என்று தள்ளிவிட்டால் அந்தத் தாய்தகப்பன்மாரின் அச்சம் நமக்குப் புரியாது. சாகக் கிடக்கும் குழந்தைகளுக்குத்தான் குருக்கள் ஓடி ஓடித் திருமுழுக்குக் கொடுத்தார்கள். அவற்றில் பல இறந்தும் போயின. தண்ணீர் ஊற்றினார்கள், பிள்ளை செத்தது: கண்ணால் கண்டவர்களுக்கு வேறென்ன தோன்றும்? 1671-இல் கலகமே வெடித்தது.

1672 ஏப்ரல் 2, சனிக்கிழமை. ஓடிப்போன உதவியாளன் ஒருவனைத் தேடிக் குருவும் பெத்ரோவும் காலையிலேயே தூமோன் ஊருக்கு வந்தார்கள். அங்கே மத்தபாங் என்பவரின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டார்கள். மத்தபாங் புதியவர் அல்ல. முன்பு திருமுழுக்குப் பெற்றவர்தான். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்று குரு கேட்டதும் கொதித்துப்போனார். அவர் கோபம் தணியட்டும் என்று, கரையோரத்தில் பிள்ளைகளையும் பெரியவர்கள் சிலரையும் உட்காரவைத்து இருவரும் உபதேசம் பாடத் தொடங்கினார்கள். மத்தபாங்கையும் அழைத்தார்கள். எனக்கு உங்கள் கடவுள்மேலேயே கோபம் என்று சொல்லிவிட்டு அவர் துணைக்கு ஆள் தேடிப் போனார். ஹிராவோ என்பவர் முதலில் மறுத்தார். குரு தனக்குச் செய்த நன்மை நினைவிருந்தது. கோழை என்று ஏசியதும் கிளம்பிவிட்டார்.

இதற்கிடையில் தாயின் சம்மதத்தோடு குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்துவிட்டது. தகப்பன் மறுத்த பின்னும் செய்தது சரியா என்ற கேள்வி இன்று வாசிப்பவருக்கு எழும், எனக்கும் எழுகிறது. அந்தக் குருவின் மனதில் குழந்தையின் ஆன்மாவைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது.

திரும்பி வந்த மத்தபாங் முதலில் குறிவைத்தது பெத்ரோவைத்தான். அடுத்தடுத்து வந்த ஈட்டிகளுக்கு அவன் லாவகமாக விலகினான். அவன் நினைத்திருந்தால் ஓடித் தப்பியிருக்கலாம் என்றே பிற்பாடு சாட்சி சொன்னார்கள். கையில் ஆயுதம் இருந்திருந்தால் எதிர்த்தே நின்றிருப்பான் என்றும் சொன்னார்கள். ஆனால் உடன் வருவோர் ஆயுதம் ஏந்தக்கூடாது என்பது குருவின் கட்டளை. குருவோ கண்பார்வை மங்கியவர். அவரைத் தனியே விட்டுப் போக அந்தப் பையனுக்கு மனம் வரவில்லை. ஓர் ஈட்டி நெஞ்சில் பாய்ந்தது. விழுந்தவனின் தலையில் ஹிராவோ வெட்டினார். குரு ஓடிவந்து பாவமன்னிப்பு வழங்கினார். அடுத்த சில நொடிகளில் அவரும் கொல்லப்பட்டார். இருவரின் ஆடைகளையும் களைந்து, கல்லைக் கட்டி, படகில் கொண்டுபோய் ஆழ்கடலில் தள்ளினார்கள். உடல்கள் கிடைக்கவே இல்லை.

அதன் பிறகு வந்த ஆண்டுகள் கொடியவை. போர், பெரியம்மை, மக்களை ஊர்விட்டு ஊர் பெயர்த்துக் குடியமர்த்திய கொடுமை எல்லாம் சேர்ந்து சமோரோ இனத்தையே உருக்குலைத்தன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களில் எஞ்சியவர்கள் சில ஆயிரம் பேர்தான். மறைசாட்சிகளைப் போற்றும்போது இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மத்தபாங்கை அரக்கனாக்கினால்தான் பெத்ரோவின் தியாகம் உயரும் என்பதும் இல்லை. அன்று அவன் கையில் அதிகாரமும் இல்லை, ஆயுதமும் இல்லை. அவனே ஸ்பெயின் ஆண்ட நாட்டில் பிறந்த குடிமகன்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது குருவின் புகழால். அவருக்குப் பீடப்பெருமை வேண்டி 17-ஆம் நூற்றாண்டிலேயே தொகுத்த சாட்சியங்களில், கூடவே இறந்தவன் என்ற முறையில்தான் பெத்ரோ இடம்பெறுகிறான். 1985-இல் சான் வித்தோரெஸுக்கு அருளாளர் பட்டம் கிடைத்தபோதுதான் பிலிப்பைன்ஸ் விழித்துக்கொண்டது. செபு பேராயர் கர்தினால் ரிக்கார்டோ விதால் பையனின் வழக்கைக் கையிலெடுத்தார். 2000 மார்ச் 5-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவனுக்கு அருளாளர் பட்டம் அளித்தார். 2012 அக்டோபர் 21-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் புனிதர் பட்டம் அளித்தார். குரு இன்னும் அருளாளராகவே இருக்க, உதவியாளன் புனிதனாகிவிட்டான்.

லொரென்சோ ரூயிஸுக்குப் பிறகு பிலிப்பைன்ஸுக்குக் கிடைத்த இரண்டாவது புனிதன் இவன். வெண்சட்டையும், மார்போடு அணைத்த உபதேசப் புத்தகமும், குருத்தோலையுமாக ஓவியங்களில் நிற்கும் முகம் பிற்காலத்தார் வரைந்தது. 'விசாயாக்காரன்' என்பதற்குமேல் பழைய ஏடுகள் ஊர் சொல்லவில்லை. செபுவின் கினத்திலான், இலோயிலோவின் மோலோ, தெற்கு லெய்ட்டேயின் ஹினுனாங்கன் என்று ஒவ்வோர் ஊரும் எங்கள் பிள்ளை என்று உரிமை கொண்டாடுகிறது.

(தொடரும்)