வளமும் விலையும்: இன்டெல் பங்கின் வரலாறு

ஒரு தொழிலில் முடிசூடி நிற்கும் நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா, ஆகாதா என்னும் வழக்கு பங்குச் சந்தையில் புதியதன்று. சில்லுத் தொழிலில் அவ்வழக்குக்கு இன்டெல் நிறுவனம் தக்க சான்றாகும்.

ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. 1971இல் அதன் பங்கு 23.50 அமெரிக்க வெள்ளிக்குப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டே அதன் முதற் கடல்கடந்த ஆலை நம் பினாங்கில் எழுந்தது. 1985இல் ஜப்பானியப் போட்டிக்கு ஆற்றாது நினைவகச் சில்லுகளைக் கைவிட்டு, கணினிக்கு மூளையாக விளங்கும் செயலிச் சில்லுகளையே பற்றிக்கொண்டது.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் பங்கின் விலை 75 வெள்ளியை எட்டியது. நிறுவனத்தின் மொத்த மதிப்போ ஏறத்தாழ 50,000 கோடி வெள்ளி. கணினி பெருகும், இன்டெல்லும் பெருகும் என்றனர் வாங்கச் சொன்னோர். போட்டியாளர் வீழ்த்திவிடுவர் என்றனர் மறுத்தோர். இரு சாராரும் நிறுவனத்தைப் பற்றியே வாதிட்டனர்; விலையைக் கணக்கிட்டோர் சிலரே. அவ்வாண்டின் இலாபம் சுமார் 1,050 கோடி. அதே இலாபம் ஆண்டுதோறும் வந்தாலும் கொடுத்த விலை மீள 47 ஆண்டுக்கு மேல் ஆகும். நான்காம் வகுப்பு மாணவனும் வகுத்துப் பார்க்கக்கூடிய கணக்குத்தான் இது!

நிகழ்ந்தது யாது? வாங்கச் சொன்னோர் தொழிலைப் பற்றிக் கூறியது பலித்தது. 2000இல் 3,370 கோடியாக இருந்த விற்பனை 2020இல் 7,790 கோடியாயிற்று. இலாபமும் ஏறக்குறைய இருமடங்காயிற்று. ஆயினும் 2020 இறுதியில் பங்கின் விலை சுமார் 50 வெள்ளியே. நிறுவனம் தோற்றதனால் விளைந்த நட்டமன்று அது.

தோல்வி பின்னரே வந்தது. கைப்பேசிச் சில்லு வாணிகத்தை இன்டெல் கோட்டைவிட்டிருந்தது; சில்லு வார்க்கும் நுட்பத்திலும் தைவானின் டிஎஸ்எம்சிக்குப் பின்தங்கியது. 2024இல் சுமார் 1,880 கோடி வெள்ளி நட்டம் கண்டு, பங்குதாரர்க்கு வழங்கும் ஈவை நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் டோ ஜோன்ஸ் குறியீட்டில் அதன் இடம் என்விடியாவுக்குப் போயிற்று.

1993இல் தோன்றிய என்விடியாவின் மதிப்பு 2025 அக்டோபரில் 5 இலட்சம் கோடி வெள்ளியைக் கடந்தது. பழைய வழக்கு இப்பொழுது அதன்மேல் நடைபெறுகின்றது. செயற்கை அறிவு பெருகும் என்பதே வாங்கச் சொல்வோரின் முதல் வாதம். மறுப்போர், அதன் விற்பனையின் பெரும்பகுதி ஒரு சில பெரு நிறுவனங்களையே நம்பியிருத்தலையும், சில்லு வார்க்கும் ஆலை அதற்குச் சொந்தமாக இல்லாமையையும் சுட்டுகின்றனர். அதன் சில்லுகளைப் பெரும்பாலும் வார்த்துத் தருவது அதே டிஎஸ்எம்சிதான்.