பழைய பேஸ் கிட்டார்களின் மதிப்பு

பேஸ் கிட்டார் என்பது தாழ்ந்த சுரங்களை இசைக்கும், பெரும்பாலும் நான்கு கம்பிகள் கொண்ட மின்னிசைக் கருவியாகும். அமெரிக்கரான லியோ ஃபெண்டரின் ‘பிரிசிஷன் பேஸ்’ 1951-இல் வெளிவந்தது. ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்களின் சிரமம் இதனால் குறைந்தது. இதற்கான ‘பேஸ்மேன்’ ஆம்ப்ளிஃபையர் 1952-இல் வந்தது.

1965-இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். நிறுவனத்துக்குக் கைமாறியது. அதற்கு முன் செய்யப்பட்டவற்றையே சேகரிப்பாளர்கள் பெரிதும் நாடுகின்றனர். தேய்ந்த பழைய வண்ணம் குறையன்று; புதுவண்ணம் பூசினால்தான் மதிப்புக் குறையும். மூலப் பாகங்களே கருவியின் வரலாற்றுக்குச் சான்று.

தமிழ்த் திரையிசையில் இளையராஜாவுக்குச் சசிதரனும் ஏ. ஆர். ரகுமானுக்குக் கீத் பீட்டர்ஸும் பேஸ் கிட்டார் வாசித்துள்ளனர். அப்பாடல்களில் மெட்டுக்குக் கீழே தனிவழி நடக்கும் இசையைக் கவனித்தால் இக்கருவியின் அருமை விளங்கும்.