திறனா, வாய்ப்பா? கிண்டிக் குதிரைப் பந்தயமும் பார்வையாளர் எதிர்வினையும்

முன்னுரை

கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனை நடத்திவந்த மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. இப்பந்தயத்தின் பிற்கால வரலாறு சட்டங்களாலும் வழக்குகளாலும் நிறைந்தது. வெல்லும் குதிரை திறனால் வெல்கிறதா, வாய்ப்பால் வெல்கிறதா என்பதே அவ்வழக்குகளின் மையக் கேள்வி. பந்தயத் திடலில் கூடிய பார்வையாளர்கள் அக்கேள்விக்கு ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் தம் எதிர்வினையால் விடையளித்து வந்தனர். அவ்விடை நீதிமன்றத்தில் எவ்வாறு நிலைபெற்றது என்பதையும், அதில் விடுபட்டது எது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பார்வையாளரின் விளக்கமொழி

தென்னிந்திய டெர்பி போன்ற பெரும்பந்தயத்தில் பெருவாரியானோர் பணம் கட்டிய குதிரை வென்றால் திடலெங்கும் ஆரவாரம் எழும். எவரும் எதிர்பாராத குதிரை முந்தினால் பெரும்பகுதி கூட்டம் அமைதியாகிவிடும். ஆங்காங்கே சிலர் மட்டும் கூவி மகிழ்வர். ஆயினும் இரு நிலைகளிலும் அடுத்து எழுவது காரணம் தேடும் பேச்சேயாகும். ஜாக்கி குதிரையை முன்னதாகவே விரட்டிவிட்டார், தரை ஈரமாக இருந்தது, தொலைவு அக்குதிரைக்குப் பொருந்தவில்லை, சுமந்த எடை மிகுதி என்றெல்லாம் தோல்வி விளக்கப்படுகிறது. விதியை நொந்துகொள்பவரும் முந்தைய ஓட்டங்களின் விவரம் அச்சிட்ட பந்தயப் புத்தகத்தைப் புரட்டாமல் இருப்பதில்லை.

வெற்றிக்குக் காரணம் காணும் இவ்வழக்கம் கிண்டிக்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல் சமவெளி உள்ளிட்ட தென்மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. பெரிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு எனத் தரம் பிரித்தே அங்கு மாடுகள் ஓட்டப்படுகின்றன. வெற்றியின் பெருமை மாட்டுக்கும், வளர்த்தவருக்கும், ஓட்டிய சாரதிக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. கிண்டியின் தனித்தன்மை வேறிடத்தில் உள்ளது. அங்கே பார்வையாளரின் கணிப்பு டோட் சாளரத்தில் பணமாக மாற்றப்பட்டது.

சட்டத்தின் இரு பார்வைகள்

அப்பணமே அரசின் கவலைக்குக் காரணமாயிற்று. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1974இல், குதிரைப் பந்தயத்தை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கழகம் நீதிமன்றத்தை நாடியது. உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் ஓட்டங்கள் தொடர்ந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986இல், கழகத்தை அரசே கையகப்படுத்தும் சட்டம் வந்தது. அரசியலில் எதிரெதிர் நின்ற இரு ஆட்சிகளும் இப்பொருளில் ஒரே திசையில் சென்றமை கருதத்தக்கது. முற்றிலும் வாய்ப்பைச் சார்ந்த பரிசுச்சீட்டை 1968 முதல் அரசே நடத்தியது என்பதையும் இதனோடு சேர்த்துக் காணவேண்டும்.

டாக்டர் கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் மரபு, பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றால் முடிவு பெரிதும் அமைவதால் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த விளையாட்டு என அது வரையறுத்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாததாயிற்று. திடலில் பார்வையாளர்கள் பேசிவந்த விளக்கமொழி இவ்வாறு சட்டமொழியாக ஏற்கப்பட்டது எனலாம்.

விடுபட்ட கேள்வி

எனினும் திறன் உண்டு என்பதால் இழப்பு இல்லையென்று ஆகிவிடாது. டோட் முறையில் ஓர் ஓட்டத்திற்குக் கட்டப்பட்ட பணம் முழுவதும் ஒரு தொகுதியாகத் திரட்டப்படுகிறது. வரியும் கழகத்தின் பங்கும் கழிக்கப்பட்ட பின்னரே எஞ்சியது வென்றவர்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. ஆகவே கூட்டத்தில் சிலர் எவ்வளவு நுட்பமாகக் கணித்தாலும், கூட்டம் முழுவதையும் ஒருசேர நோக்கினால் கட்டியதைவிடக் குறைவாகவே திரும்பப் பெறுகிறது. ஒருவரது கணிப்பின் ஊதியம் மற்றவர்களது இழப்பிலிருந்தே வருகிறது. ஓட்டம் திறனைச் சார்ந்ததா என்று நீதிமன்றம் கேட்டது. பணம் வீடு திரும்புமா என்பது குடும்பங்களின் கேள்வி. முன்னதற்குக் கிடைத்த விடை பின்னதற்கு விடையாகாது. காரணம் தேடும் பார்வையாளரின் பேச்சும் அடுத்த ஓட்டத்திற்குப் பணம் கட்டும் நம்பிக்கையையே வளர்த்தது.

முடிவுரை

இருநூற்றாண்டு கடந்த இப்பந்தயத் திடலுக்கு இறுதியில் நெருக்கடியை உண்டாக்கியது இவ்விரு கேள்விகளில் எதுவுமன்று. 1945ஆம் ஆண்டுக் குத்தகையின்படி 160.86 ஏக்கர் நிலத்திற்கு ஆண்டு வாடகை ஏறத்தாழ 614 ரூபாயாக இருந்தது. வாடகை உயர்வு குறித்த வழக்கில் 730.86 கோடி ரூபாய் நிலுவையைச் செலுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி நிலத்தைக் கையகப்படுத்தியது. பின்னர் அங்கு வெள்ளநீரைத் தேக்கும் குளங்கள் வெட்டப்பட்டன. பந்தயம் கட்டுவதன் நன்மை தீமை பற்றிய விவாதம் முடிவுறாத நிலையிலேயே நிலத்தின் மதிப்பு முன்னிலை பெற்றுவிட்டது. திறன் என்று சட்டம் ஏற்றதும் இழப்பு என்று வீடுகள் அறிந்ததும் ஒருங்கே எழுதப்படும்போதுதான் கிண்டியின் வரலாறு முழுமை பெறும்.